ஆளைப் பின்தொடர்வதே வேலை... ஆளைக் காட்டிக்கொடுக்காததால் ஜெயில்! - `மால்டீஸ் ஃபால்கன்' டஷீல் ஹேமட்டின் கதை

தலையில் தொப்பி, உதட்டில் சிகரெட், சின்னதாக ஒரு ஆபீஸ். கதவைத் திறந்துகொண்டு ஓர் அழகான பெண் உள்ளே வருகிறாள். கண்ணில் பயம். அவள் சொல்லும் கதையில் பாதி பொய். அது டிடெக்டிவுக்கும் தெரியும். ஆனாலும் கேஸை எடுத்துக்கொள்கிறான்.

இந்த சீனை எத்தனை படத்தில், எத்தனை வெப் சீரிஸில் பார்த்திருப்பீர்கள்? கணக்கே இருக்காது. இதற்கெல்லாம் தாய் வீடு என்று ஒரு படத்தைச் சொல்லலாம். 1941-ல் வெளியான `தி மால்டீஸ் ஃபால்கன்'. ஜான் ஹூஸ்டன் இயக்கிய முதல் படம். ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த சாம் ஸ்பேட் என்ற தனியார் துப்பறிவாளன்தான் ஹீரோ.

போகார்ட்டை உலகத்துக்கே தெரியும். ஹூஸ்டனையும் தெரியும். ஆனால், அந்த சாம் ஸ்பேடைக் காகிதத்தில் பெற்றெடுத்த மனிதரின் வாழ்க்கை, படத்தைவிடப் பெரிய த்ரில்லர். அவர் பெயர் டஷீல் ஹேமட். அவரே ஒரு காலத்தில் சம்பளத்துக்கு வேலைபார்த்த நிஜ டிடெக்டிவ். பிறகு எழுத்தாளர், பணக்காரர், சிப்பாய், கைதி, கடைசியில் கையில் காசில்லாதவர். எல்லாமே ஒரே ஆள்தான்.

தூங்காத கண்

1894-ம் ஆண்டு மே 27 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார் ஹேமட். முழுப்பெயர் சாமுவேல் டஷீல் ஹேமட். டஷீல் என்பது அம்மா வழிக் குடும்பப் பெயர். சாமுவேலைச் சுருக்கினால் சாம். அந்த `சாம்'-ஐத்தான் பின்னாளில் தன் ஹீரோவுக்குத் தூக்கிக் கொடுத்தார்.

பால்டிமோர் நகரத்தில் வளர்ந்தார். வீட்டில் வசதி இல்லை. டீன் ஏஜின் தொடக்கத்திலேயே பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, ரயில்வேயில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அப்புறம் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். எதிலும் நிலைக்கவில்லை. 1915-ல் பிங்கர்ட்டன் என்ற பிரபலமான துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்கு 21 வயது.

பிங்கர்ட்டனின் சின்னம் ஒரு திறந்த கண். தாங்கள் தூங்குவதே இல்லை என்பதுதான் அவர்கள் ஊருக்குச் சொன்ன சேதி. தனியார் துப்பறிவாளரை ஆங்கிலத்தில் `பிரைவேட் ஐ' என்கிறார்களே, அந்தப் பெயர் பரவியதற்கு இந்தக் கண்ணும் ஒரு காரணம் என்பார்கள்.

டிடெக்டிவ் வேலை என்றதும் பூதக்கண்ணாடி, கைரேகை என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். முக்கால்வாசி நேரம் ஒருவரை அவருக்கே தெரியாமல் பின்தொடர்வது, ஹோட்டல் வாசலில் கால் கடுக்க நிற்பது, ரிப்போர்ட் எழுதுவது. அவ்வளவுதான். ஹேமட் ஒல்லியாக, ஆறடிக்கு மேல் உயரமாக இருப்பார். எளிதில் கண்ணில் படுகிற உடம்பு. ஆனாலும் பின்தொடர்வதில் கில்லாடி என்று பெயர் எடுத்தார்.

இந்த அனுபவங்களை 1923-ல் ஒரு பத்திரிகையில் குட்டிக் குட்டிக் குறிப்புகளாக எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பின்தொடர்ந்த ஆள், ஊருக்கு வெளியே வாக்கிங் போய் வழி தெரியாமல் திணறிவிட்டானாம். கடைசியில் ஹேமட்டே போய் அவனுக்கு வழி சொல்லி அனுப்ப வேண்டியதாகிவிட்டதாம். ஜெயன்ட் வீலையே திருடிய ஓர் ஆளையும் தனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறதா? அந்தச் சிரிப்போடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது.

அந்தக் காலத்தில் பிங்கர்ட்டனுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள், தொழிலாளர் போராட்டங்களை உடைக்க நினைத்த முதலாளிகள். யூனியனுக்குள் ஆளை நுழைப்பது, யார் யார் தலைவர்கள் என்று பெயர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்த நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலைகள். 1917-ல் மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரைச் சிலர் இழுத்துப்போய்த் தூக்கிலிட்டுக் கொன்றார்கள். அவரைக் கொல்ல தனக்கு 5,000 டாலர் பேரம் பேசப்பட்டதாக ஹேமட் சொன்னார் என்று அவருடைய நீண்டகாலத் துணைவி லிலியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். ஆய்வாளர்கள் சிலர் இதைச் சந்தேகிக்கிறார்கள். பேரம் நடந்ததோ இல்லையோ, காசுக்காகப் பெயர் எடுத்துக் கொடுக்கும் தொழில் எப்படி இருக்கும் என்பதை ஹேமட் உள்ளேயிருந்து பார்த்தவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 34 வருடம் கழித்து இது திரும்ப வரும்.

இருமலில் பிறந்த எழுத்து

1918-ல் ராணுவத்தில் சேர்ந்தார். ஆம்புலன்ஸ் பிரிவு. கடல் தாண்டிப் போர்முனைக்குப் போகவே இல்லை. முகாமிலேயே ஸ்பானிஷ் ஃப்ளூ தாக்கியது. அதைத் தொடர்ந்து காசநோய். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மாத்திரை கிடையாது. ஓய்வும் அதிர்ஷ்டமும்தான் மருந்து.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஜோசஃபின் டோலன் என்ற நர்ஸோடு காதல். 1921-ல் சான் பிரான்சிஸ்கோவில் கல்யாணம். இரண்டு பெண் குழந்தைகள். பிங்கர்ட்டன் வேலையைத் தொடர முடியாத அளவுக்கு உடம்பு படுத்தியது. ஆளைப் பின்தொடர முடியாதவர், உட்கார்ந்த இடத்தில் என்ன செய்வார்? எழுதினார்.

நம்மூர் பாக்கெட் நாவல்களைப் பார்த்திருப்பீர்கள். சாணித்தாள், கலர் அட்டை, மலிவு விலை. அமெரிக்காவிலும் அப்படி ஒரு கூட்டமே இருந்தது. `பல்ப்' பத்திரிகைகள் என்று பெயர். அதில் `பிளாக் மாஸ்க்' முக்கியமானது. சொல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கொடுப்பார்கள். 1922 முதல் ஹேமட் அதில் எழுத ஆரம்பித்தார்.

அதுவரை துப்பறியும் கதை என்றால் பெரிய பங்களா, பணக்காரக் குடும்பம், நூலகத்தில் பிணம், புத்திசாலித் துப்பறிவாளர். ஹேமட் கதைகளில் வந்தவன் பெயரே இல்லாத ஒரு கம்பெனி ஊழியன். குள்ளம், குண்டு, நடுத்தர வயது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன். படித்தவர்களுக்குப் புல்லரித்தது. காரணம் சிம்பிள். எழுதுகிறவருக்கு அந்தத் தெரு தெரியும்.

ஆனால், வீட்டில் நிலைமை வேறு. 1926-ல் நோய் மறுபடி முற்றியது. குழந்தைகளுக்குத் தொற்றிவிடும், தனியாக இருங்கள் என்றார்கள் சுகாதாரத் துறை நர்ஸ்கள். மனைவியும் மகள்களும் ஓரிடம், இவர் ஓரிடம். சான் பிரான்சிஸ்கோவில் போஸ்ட் தெரு 891-ம் எண் கட்டடத்தில் ஒரு சின்ன ஃபிளாட். மடக்கினால் சுவருக்குள் போய்விடும் கட்டில். அந்த அறையில் உட்கார்ந்துதான் `மால்டீஸ் ஃபால்கன்' எழுதினார். ஸ்பேட் குடியிருப்பதாக நாவலில் வரும் அறையும் இதன் அச்சுதான் என்பார்கள் ரசிகர்கள். நாவலைத் தன் மனைவிக்குத்தான் சமர்ப்பித்தார்.

ஒரு பறவை, நாலு திருடர்கள்

1929 செப்டம்பரில் `பிளாக் மாஸ்க்'கில் தொடராக ஆரம்பித்து, 1930-ல் புத்தகமாக வந்தது. கதை தெரியாதவர்களுக்காக... இனி வருவது ஸ்பாய்லர். படம் பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள் அடுத்த சப்-டைட்டிலுக்குத் தாவிவிடுங்கள்.

ஒரு பெண் உதவி கேட்டு வருகிறாள். அன்றிரவே ஸ்பேடின் பார்ட்னர் மைல்ஸ் ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். தோண்டத் தோண்ட, எல்லோரும் ஒரு சிலையைத் தேடுகிறார்கள் என்று தெரிகிறது. உயிருள்ள வல்லூறு ஒன்றை ஆண்டுதோறும் கப்பமாகச் செலுத்துவதாக மால்டா தீவின் வீரர்கள் 1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு ஒப்புக்கொண்டது நிஜ வரலாறு. அதில் ரத்தினம் பதித்த தங்க வல்லூறு ஒன்றைச் சேர்த்துவிட்டார் ஹேமட். அதற்குத்தான் இத்தனை கொலை, இத்தனை பொய்.

கடைசியில் சிலை கையில் கிடைக்கிறது. சுரண்டிப் பார்த்தால் ஈயம். டூப்ளிகேட்! பார்ட்னரைக் கொன்றது அந்தப் பெண்தான் என்பது ஸ்பேடுக்குப் புரிகிறது. அவளை அவன் காதலிக்கிறானா? இருக்கலாம். செத்துப்போன பார்ட்னரை அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. பார்ட்னரின் மனைவியோடு ரகசியத் தொடர்பு வேறு. அப்படியிருந்தும் அவளைப் போலீஸிடம் ஒப்படைக்கிறான். தன்னோடு வேலை பார்த்தவன் கொல்லப்பட்டால் சும்மா இருக்கக் கூடாது என்பது அவன் கணக்கு. பிடித்தவனா, பிடிக்காதவனா என்பது அந்தக் கணக்கில் வராது.

இந்த நாவலில் இன்னொரு விசேஷம். ஸ்பேட் மனதில் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இருக்காது. அவன் சிகரெட் சுற்றுவதைப் பார்ப்போம், அவன் கண்ணைப் பார்ப்போம், பேசுவதைக் கேட்போம். உள்ளே என்ன ஓடுகிறது என்பதை நாமே ஊகிக்க வேண்டும். ஒருவரைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கவனிக்கும் டிடெக்டிவின் பார்வை அது. கேமராவின் பார்வையும் அதுதானே?

பாத்திரங்களுக்கும் வேர் இருந்தது. 1920-ல் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ஜரி வழக்கில் தான் பிடித்த ஓர் ஆள்தான் ஜோயல் கெய்ரோ ஆனான் என்று 1934-ல் வந்த பதிப்பின் முன்னுரையில் சொன்னார் ஹேமட். குண்டு வில்லன் கட்மனுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. ஜெர்மன் உளவாளி என்ற சந்தேகத்தில் இவர் பின்தொடர்ந்தவர். அவ்வளவு போரடித்த ஆளை வேறு எங்கும் பார்த்ததில்லையாம். ஸ்பேடுக்கு மட்டும் முன்மாதிரி கிடையாது. தன்னோடு வேலை பார்த்த டிடெக்டிவ்கள் பலரும் எப்படி இருக்க ஆசைப்பட்டார்களோ, அந்த ஆள்தான் ஸ்பேட் என்றார்.

மூன்றாவது முறை ஜாக்பாட்

வார்னர் பிரதர்ஸ் இந்த நாவலின் சினிமா உரிமையை வாங்கியது. விலை 8,500 டாலர். 1931-ல் ரிக்கார்டோ கோர்ட்டஸ் நடிக்க முதல் படம். 1936-ல் கதையை ஏகத்துக்கும் மாற்றி, பெட்டி டேவிஸ் நடிப்பில் காமெடி கலந்து `சேட்டன் மெட் எ லேடி'. அது எடுபடவில்லை. அதே கதையை மூன்றாவது முறை எடுக்க வந்தவர், அதுவரை திரைக்கதை மட்டுமே எழுதிக்கொண்டிருந்த ஜான் ஹூஸ்டன்.

ஹூஸ்டன் செய்த புத்திசாலித்தனம் ஒன்றுதான். புத்தகத்தில் கைவைக்கவில்லை. வசனங்களை முடிந்தவரை அப்படியே எடுத்துக்கொண்டார். ஹீரோவாக முதலில் கேட்கப்பட்ட ஜார்ஜ் ராஃப்ட் மறுத்துவிட்டார். புது டைரக்டர் என்பதால் யோசித்தார் என்பார்கள். வாய்ப்பு போகார்ட்டுக்கு வந்தது. புத்தகத்தில் ஸ்பேட் உயரமானவன், பொன்னிற முடிக்காரன். போகார்ட் அதற்கு நேரெதிர். ஆனால், படம் பார்த்த பிறகு வேறு முகத்தை நினைத்துப் பார்க்க முடிகிறதா? குண்டு வில்லனாக வந்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு அப்போது 61 வயது. அதுதான் அவருடைய முதல் சினிமா. முதல் படத்திலேயே ஆஸ்கர் நாமினேஷன். சிறந்த படம், சிறந்த திரைக்கதைக்கும் படம் நாமினேட் ஆனது.

படம் ஹிட். போகார்ட் ஸ்டார் ஆனார். ஹூஸ்டன் பெரிய டைரக்டர் ஆனார். படத்தில் வந்த ஒரு பறவை பொம்மை, 2013-ல் நடந்த ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. கதைப்படி ஈயத்தில் செய்த போலிக்கு அந்த விலை!

அந்த வருடங்களில் ஹேமட் என்ன செய்துகொண்டிருந்தார்? எழுதாமல் இருந்தார்.

எழுதாத 27 வருடம்

1930-ன் இறுதியில் ஹாலிவுட்டில் லிலியன் ஹெல்மனைச் சந்தித்தார். பின்னாளில் பெரிய நாடக ஆசிரியரான ஹெல்மனின் முதல் வெற்றி நாடகத்துக்குக் கருவைக் கொடுத்தவரே ஹேமட்தான். 1934-ல் `தி தின் மேன்' நாவல் வந்தது. அதே ஆண்டில் படமும் வந்து சக்கைப்போடு போட்டது. மொத்தம் ஆறு பாகம். பணம் கொட்டியது. ஹோட்டல் சூட், பார்ட்டி, மது, சூதாட்டம் என்று வந்த வேகத்தில் கரைந்தது.

`தி தின் மேன்'தான் கடைசி நாவல். அதற்குப் பிறகு 27 வருடம் உயிரோடு இருந்தார். இன்னொரு நாவலை முடிக்கவே இல்லை. குடிதான் காரணம் என்பவர்கள் உண்டு. ஆனால், 1948-ல் டாக்டர் எச்சரித்ததும் குடியை விட்டார். அப்போதும் நாவல் வரவில்லை.

எழுத்து நின்றது. அரசியல் தொடங்கியது. 1930-களின் இரண்டாம் பாதியில் கம்யூனிஸ்ட் கட்சிப் பக்கம் போனார். ஒரு காலத்தில் யூனியனை உடைக்கும் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர், இப்போது எதிர்ப்பக்கம் நின்றார். ஸ்டாலினின் சோவியத் அட்டூழியங்கள் வெளியே தெரிந்த பிறகும் கட்சியை விமர்சிக்காமல் இருந்தார். அது அவர்மேல் இன்றும் இருக்கும் நியாயமான குற்றச்சாட்டு.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 48 வயது, காசநோய் தின்ற நுரையீரல். ஆனாலும் போராடி 1942-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார். அலாஸ்காவை ஒட்டிய பனிக்காற்றுத் தீவான ஆடாக்கில் போட்டார்கள். அங்கே சிப்பாய்களுக்காக ஒரு தினசரி நடத்தினார்.

வாய் திறக்காத சாட்சி

இப்போது அந்த 34 வருடக் கணக்குக்கு வருவோம்.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை சூடுபிடித்தது. கைதானவர்களை ஜாமீனில் எடுக்க, சிவில் ரைட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு நிதி திரட்டியது. அந்த ஜாமீன் நிதியின் டிரஸ்டிகளில் ஒருவர் ஹேமட். 1951-ல், ஜாமீனில் இருந்த கட்சித் தலைவர்கள் நான்கு பேர் தலைமறைவானார்கள். அவர்கள் எங்கே? நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார்? கேள்வி ஹேமட்டிடம் வந்தது.

ஜூலை 9 அன்று நியூயார்க் கோர்ட்டில் கூண்டில் ஏறினார். பெயர்களைச் சொல்ல மறுத்தார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு, ஆறு மாதம் சிறை.

இதில் பெரிய ட்விஸ்ட் என்ன தெரியுமா? பணம் கொடுத்த ஒருவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது என்று ஹெல்மன் பின்னாளில் எழுதினார். அது உண்மையென்றால், தெரியாது என்ற ஒரே சொல் போதும். வீட்டுக்குப் போயிருக்கலாம். அதையும் சொல்ல மறுத்துவிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் ஹெல்மனுக்குச் சொன்ன விளக்கமாம்.

ஒரு நிமிடம் யோசியுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 57 வயது. உடம்பு முழுக்க நோய். எதிரே நீதிபதி. நானாக இருந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால், பெயர் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருந்த ஒருவருக்கு, அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் பழைய வேலையைத் திரும்பச் செய்வதாகவே பட்டிருக்கலாம்.

சிறையில் டாய்லெட் கழுவினார். சுமார் ஐந்து மாதத்தில், 1951 டிசம்பரில் வெளியே வந்தார். வெளியே எதுவும் பழையபடி இல்லை. வாராவாரம் காசு கொடுத்துக்கொண்டிருந்த சாம் ஸ்பேட் வானொலித் தொடர் நிறுத்தப்பட்டிருந்தது. வருமான வரித்துறை ஒரு லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்று சொல்லி, வருமானத்தை முடக்கியது. 1953-ல் செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக்கும் அழைக்கப்பட்டார். கம்யூனிஸத்தை எதிர்ப்பவராக இருந்தால் இப்படிப்பட்ட புத்தகங்களை நூலகங்களில் வைப்பீர்களா என்பது கேள்வி. அப்படியானால் மக்களுக்கு எந்தப் புத்தகத்தையுமே கொடுக்க மாட்டேன் என்று நக்கலாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் ஒரு வெற்றியும் உண்டு. 8,500 டாலருக்கு நாவல் உரிமை வாங்கிய வார்னர் பிரதர்ஸ், சாம் ஸ்பேட் என்ற பாத்திரமே தனக்குத்தான் சொந்தம் என்று வழக்கு போட்டிருந்தது. ஒரு கதையை விற்றதால் அதிலுள்ள பாத்திரத்தை எழுத்தாளர் வேறு கதையில் பயன்படுத்தும் உரிமை போய்விடாது என்று 1954-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. எழுத்தாளர்கள் பக்கம் நின்ற முக்கியமான தீர்ப்பு அது. சாம் ஸ்பேட் மறுபடி அவருக்கே சொந்தம். ஆனால், அவனை வைத்து இன்னொரு கதை எழுத அவரிடம் தெம்பு இல்லை.

கடைசிக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் கட்டோனா என்ற ஊரில், நண்பர் ஒருவரின் சின்ன வீட்டில் தங்கியிருந்தார். முடியாமல் போனபோது ஹெல்மன் அழைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டார். 1961 ஜனவரி 10 அன்று நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 66. இரண்டு உலகப்போரிலும் ராணுவத்தில் இருந்தவர் என்பதால், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இடம் கிடைத்தது. எந்த அரசாங்கம் சிறையில் போட்டதோ, அதே அரசாங்கத்தின் மரியாதைக்குரிய மண்.

சான் பிரான்சிஸ்கோவில் இப்போது அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. பர்ரிட் தெருவில், கதையில் மைல்ஸ் ஆர்ச்சர் சுடப்பட்ட இடத்தில் ஒரு பலகையும் மாட்டியிருக்கிறார்கள். நடக்காத கொலைக்கு ஒரு ஊரே நினைவுச்சின்னம் வைத்திருப்பது வேற லெவல் இல்லையா?

இந்த வீக்கெண்ட் நேரம் கிடைத்தால், லைட்டை அணைத்துவிட்டு 1941 `மால்டீஸ் ஃபால்கன்' பாருங்கள். 100 நிமிடம்தான். கறுப்பு வெள்ளையாச்சே என்று தயங்க வேண்டாம், பத்து நிமிடத்தில் பழகிவிடும். க்ளைமாக்ஸில் அந்தப் பெண் கெஞ்சும்போது ஸ்பேட் ஒவ்வொரு காரணமாக அடுக்குவான். அப்போது போகார்ட்டின் முகத்தை மட்டும் கவனியுங்கள். அதை எழுதி 20 வருடம் கழித்து, அந்த வரிகளின் சொந்தக்காரர் கோர்ட்டில் நின்றபோது பெயர் எதையும் சொல்லவில்லை. அமைதியாக நின்றார், உள்ளே போனார்.